ஒரே பெயரில் இரண்டு ஸ்ரீரங்கம்

திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்திலிருந்து ஸ்ரீரங்கம், சமயபுரம், லால்குடி, முசிறி என்று பல ஊர்களுக்குப் பஸ் போகிறது. ஊருக்கு ஒரு கோப்புறை வைத்து, பஸ் நேரங்களைத் தமிழிலேயே சேமிக்கும் பைத்தான் நிரல் ஒன்றை எழுதிப் பார்ப்போம். கோப்பின் பாதை: சத்திரம்/ஸ்ரீரங்கம்/காலை.

‘ஓப்பன்’ கட்டளையிடம் இந்தப் பாதையைக் கொடுத்து எழுதச் சொன்னால், ‘காலை’ என்ற கோப்பு இல்லாவிட்டாலும் அதுவே உண்டாக்கிக்கொள்ளும். நடுவில் உள்ள கோப்புறை இல்லையென்றால் மட்டும் பிழை காட்டி நின்றுவிடும். கோப்பை உண்டாக்கத் தெரிந்ததற்குக் கோப்புறையை உண்டாக்கத் தெரியாதா என்று புதிதாகக் கற்பவர்களுக்கு எரிச்சல் வரும். ஆனால் அந்தக் கண்டிப்பு நம் நன்மைக்குத்தான். ஸ்ரீரங்கத்தை வைத்தே அதைக் காட்டிவிடலாம்.

யூனிகோடில் ‘ஸ்ரீ’யை இரண்டு விதமாக எழுத முடியும். ‘ஸ்’ஸோடு ‘ரீ’ சேர்ப்பது ஒன்று. 2005இல் யூனிகோடில் இடம்பெற்ற ‘ஶ’வுக்குப் புள்ளி வைத்து ‘ரீ’ சேர்ப்பது மற்றொன்று. பல எழுத்துருக்களில் இரண்டும் அச்சு அசலாக ஒன்றுபோலவே தெரியும். கணினிக்கோ அவை வேறு வேறு பெயர்கள். கேட்காமலே கோப்புறை முளைக்குமானால், திரையில் ‘ஸ்ரீரங்கம்’ என்றே இரண்டு நிற்கும். காலை பஸ் ஒன்றிலும் மாலை பஸ் மற்றொன்றிலும் கிடக்கும். ஏன் பாதி நேரங்களைக் காணோம் என்று தேடித் தேடிக் கண் பூத்துப்போகும்.

கோப்புறை வேண்டுமென்று நாமே சொல்வதற்கு ‘மேக்டிர்ஸ்’ இருக்கிறது. ‘மேக்டிர்’ கடைசிப் படியை மட்டும் உண்டாக்கும். ‘மேக்டிர்ஸ்’ சத்திரத்தையும் அதற்குள் ஸ்ரீரங்கத்தையும் சேர்த்தே உண்டாக்கும். மறுநாள் நிரலை ஓட்டும்போது ‘ஏற்கெனவே இருக்கிறது’ என்று மறுக்காமலிருக்க, ‘எக்ஸிஸ்ட்_ஓகே’க்கு ‘ட்ரூ’ என்று கொடுக்க வேண்டும். 2011இல் வெளிவந்த பைத்தான் 3.2 முதல் இந்த வசதி உண்டு. ஊர்ப் பெயர்களை ஒரே பட்டியலில் வைத்து, அதிலிருந்து மட்டுமே கோப்புறைகளை உண்டாக்குங்கள். இரண்டாவது ஸ்ரீரங்கம் வர வழியே இருக்காது.

திறக்கும் முறையிலும் கவனம் தேவை. ‘டபிள்யூ’ என்று திறந்தால், புதிதாக ஓர் எழுத்து விழுவதற்கு முன்பே பழையது முழுவதும் அழிந்துவிடும். இருப்பதோடு சேர்த்து எழுத ‘ஏ’. குறியாக்கம் ‘யுடிஎஃப்-8’ என்றும் சொல்லிவிடுங்கள்; சொல்லாவிட்டால் சில விண்டோஸ் கணினிகளில் தமிழ் எழுத்தைக் கண்டதுமே நிரல் நின்றுவிடும். எழுதச் சொன்னதெல்லாம் உடனே கோப்புக்குப் போய்விடாது, கொஞ்ச நேரம் நினைவகத்தில் தங்கும். ‘வித்’ போட்டுத் திறந்தால், நடுவில் பிழை வந்தாலும் அதுவரை எழுதியதைக் கோப்பில் சேர்த்து மூடிவிடும்.