தண்ணீரைப் படிக்கும் இளைஞர்கள்

கடல் தண்ணீர் கொஞ்சம் சூடானால், எங்கோ உள்ள ஒரு கிராமத்தில் குழந்தைக்கு வாந்தி பேதி வருமா?

வரக்கூடும் என்கிறார்கள் விஞ்ஞானிகள்!

இதைக் கண்டுபிடிக்கப் பல ஆண்டுகள் ஆயின. பெரிய பெரிய விஞ்ஞானிகள் மட்டும் கண்டுபிடிக்கவில்லை. நோட்டுப் புத்தகமும் கையுமாக வீடு வீடாக நடந்த பெண்களுக்கும், படிக்க வந்த இளைஞர்களுக்கும் அதில் பங்கு உண்டு. நடந்த இடம், வங்காளதேசம்.

பொல்லாத நோய்

வங்காளதேசத்தின் தலைநகர் டாக்கா. அங்கிருந்து தென்கிழக்கே சுமார் 55 கிலோ மீட்டர் தூரத்தில் இருக்கிறது, மத்லப். எங்கு பார்த்தாலும் ஆறு, வாய்க்கால், குளம். மழைக்காலத்தில் வீட்டுக்கு வீடு போகவே படகு வேண்டும்.

அந்தத் தண்ணீர்தான் அவர்களுக்குச் சோறு போட்டது. காலராவைக் கொண்டுவந்ததும் அதே தண்ணீர்தான்!

காலையில் வயலுக்குப் போன ஆள், மாலையில் சுருண்டு கிடப்பான். உடம்பில் உள்ள தண்ணீர் எல்லாம் வாந்தியும் பேதியுமாகப் போய்விடும். சிகிச்சை கிடைக்காவிட்டால், சில மணி நேரத்தில் உயிரே போய்விடும்.

1960-ம் ஆண்டில் டாக்காவில் காலரா ஆராய்ச்சிக் கூடம் தொடங்கப்பட்டது. அப்போது அது கிழக்கு பாகிஸ்தான். 1963-ல் மத்லபில் ஓர் ஆஸ்பத்திரி வந்தது. 1968-ல், முப்பது வயதுகூட ஆகாத இரண்டு அமெரிக்க டாக்டர்கள் வங்காள டாக்டர்களுடன் சேர்ந்து ஒரு சோதனை செய்தார்கள். அவர்கள் டேவிட் நாலின், ரிச்சர்டு காஷ். குளுக்கோசும் உப்பும் கலந்த தண்ணீரைக் குடிக்கக் கொடுத்தே காலரா நோயாளியைத் தேற்றலாம் என்று காட்டினார்கள். இன்று பேதி கண்ட குழந்தைக்குக் கரைத்துக் கொடுக்கும் உப்பு-சர்க்கரைப் பொட்டலம், அந்த வழியில் வந்ததுதான்.

உயிர் பிழைக்க வைத்தாயிற்று. ஆனால் நோய் ஏன் சில மாதங்களில் மட்டும் கிளம்புகிறது?

வீடு வீடாக...

1966-ல் மத்லபில் ஒரு கணக்கு தொடங்கியது. யார் பிறந்தார்? யார் இறந்தார்? யார் கல்யாணமாகிப் போனார்? யார் ஊரை விட்டுப் போனார்? ஒவ்வொரு ஆளுக்கும் ஓர் எண். இப்படி இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட மக்களின் கணக்கு எழுதப்பட்டது. எழுதியவர்கள், பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பெண்கள்.

கேட்டு எழுதுவதற்குப் பயிற்சியா என்று தோன்றும். உண்மையில் இதுதான் கடினம். "உங்கள் பிள்ளைக்குப் பேதிதானே?" என்று கேட்கக் கூடாது. கேட்டால், தாய் "ஆமாம்" என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விடுவாள். "பிள்ளைக்கு உடம்பு எப்படி இருந்தது?" என்று கேட்டுவிட்டு, பேசாமல் இருக்க வேண்டும். வீடு பூட்டியிருந்தால் இன்னொரு நாள் வர வேண்டும். பக்கத்து வீட்டில் விசாரித்து நிரப்பிவிடக் கூடாது. கள ஆராய்ச்சிக்கு வரும் எந்த மாணவருக்கும் இதுதான் அரிச்சுவடி.

இப்படிப் பொறுமையாகச் சேர்த்த கணக்குக்கு என்ன பயன்? 2000-ம் ஆண்டில் வெளியான ஓர் ஆராய்ச்சியைப் பாருங்கள். வங்காளதேசத்தின் 18 ஆண்டுக் காலராக் கணக்கை எடுத்து, பசிபிக் கடலின் வெப்பக் கணக்குக்குப் பக்கத்தில் வைத்தார்கள். "எல் நினோ" என்று அந்தக் கடல் சூடாகும்போதெல்லாம், சில மாதம் கழித்து வங்காளதேசத்தில் காலரா கூடியது தெரிந்தது. அன்றாடம் எழுதி வைக்காதிருந்தால், பின்னால் யாரிடம் போய்க் கேட்பது?

பூச்சியின் முதுகில் சவாரி

சரி, கடல் எங்கே, காலரா எங்கே?

ரீட்டா கால்வெல் என்ற அமெரிக்கப் பெண் விஞ்ஞானி இதற்கு வழி காட்டினார். காலராக் கிருமி கடலோரத் தண்ணீரில் தானாகவே வாழ்கிறது என்று 1970-களில் அவர் சொன்னபோது, நம்பாதவர்களே அதிகம். அவரிடம் ஆராய்ச்சி மாணவராகச் சேர்ந்தார், வங்காளதேசத்தைச் சேர்ந்த அன்வர் ஹக். தண்ணீரில் கண்ணுக்குச் சரியாகத் தெரியாத, இறால் இனத்துக்கு உறவான சிறு பூச்சிகள் உண்டு. கிருமிகள் அவற்றின் மேல் ஒட்டிக்கொண்டு பிழைப்பதை 1983-ல் இவர்கள் வெளியிட்டார்கள்.

தண்ணீர் வெதுவெதுப்பாகிறது; பாசி பெருகுகிறது. பாசியைத் தின்று பூச்சி பெருகுகிறது. பூச்சியோடு கிருமியும் பெருகுகிறது!

டாக்டருக்குப் படித்தவர் நோயாளியைப் பார்ப்பார். கடலைப் படித்தவர் கடலைப் பார்ப்பார். இரண்டையும் சேர்த்துப் பார்க்கத் தெரிந்த மாணவருக்குத்தான் இந்தச் சங்கிலி அகப்பட்டது.

நான்கு மடிப்புச் சேலை

கிருமி மிகச் சிறியது, துணியில் நிற்காது. ஆனால் பூச்சி நிற்குமே! பலமுறை துவைத்த பழைய சேலையின் நூல்கள் பருத்து, துளைகள் சிறுத்திருக்கும். அதை நான்காக மடித்தால், மில்லி மீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு அளவுள்ள பூச்சியும் தங்கிவிடும்.

1999 முதல் 2002 வரை மத்லபில் 65 கிராமங்களில் சோதனை நடந்தது. சுமார் 1 லட்சத்து 33 ஆயிரம் பேர் அதில் அடங்குவர். பெண்களுக்குக் குடத்தின் வாயில் சேலையைக் கட்டி வடிகட்டவும், பிறகு அலசி வெயிலில் காயவைக்கவும் சொல்லிக் கொடுத்தார்கள். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகச் சில கிராமங்கள் வழக்கப்படியே விடப்பட்டன.

சேலையால் வடிகட்டிய இடங்களில் காலரா 48 சதவீதம் குறைந்தது. செலவு? ஒரு காசு இல்லை!

ஐந்து ஆண்டு கழித்து மறுபடி போய்ப் பார்த்தார்கள். நூற்றுக்கு 31 பெண்கள் இன்னும் வடிகட்டிக்கொண்டிருந்தார்கள். இந்த 31-ஐ மறைக்காமல் வெளியிட்டதும் நல்ல ஆராய்ச்சியின் அடையாளம்தான்.

உப்புத் தண்ணீர்

இப்போது இளைஞர்களுக்கு முன்னால் வேறு கேள்விகள் நிற்கின்றன. 2004-ல் டாக்காவில் பொது சுகாதாரப் படிப்புக்கென்றே பிராக் பல்கலைக்கழகத்தில் ஒரு பள்ளி தொடங்கப்பட்டது. பல நாட்டு இளைஞர்கள் வந்து படிக்கிறார்கள்.

தெற்கே குல்னா மாவட்டத்தில் தாகோப் என்ற இடம். கடல் உயர்கிறது, புயல் வருகிறது, குளத்திலும் கிணற்றிலும் உப்பு ஏறுகிறது. 2009-ல் ஐலா புயல் இந்தக் கரையைத்தான் அடித்தது.

2011-ல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், தாகோப் மக்கள் குடிக்கும் தண்ணீரையும் கர்ப்பிணிகளின் ரத்த அழுத்தத்தையும் சேர்த்துப் பார்த்தார்கள். உப்பில் உள்ள சோடியம் ஒருவருக்கு நாள் ஒன்றுக்கு 2 கிராமுக்குள் இருக்க வேண்டும். அங்கே வறண்ட மாதங்களில் குடிதண்ணீரிலேயே 5 முதல் 16 கிராம் வரை உள்ளே போனது! அந்த மாதங்களில் ஆஸ்பத்திரிக்கு வந்த கர்ப்பிணிகளில் நூற்றுக்கு 12 பேருக்கு ரத்த அழுத்தம். மழைக்காலத்தில் 5 பேருக்குத்தான். கர்ப்ப காலத்து ரத்த அழுத்தம் முற்றினால் தாய்க்கும் ஆபத்து, பிள்ளைக்கும் ஆபத்து.

மழைத் தண்ணீரைப் பிடித்து வைத்துக் குடிக்கலாம். எவ்வளவு பிடிப்பது? வீட்டில் ஐந்து பேர். ஆளுக்கு 2 லிட்டர். ஆறு மாதம் மழை இல்லை என்றால், குடிக்க மட்டும் 1,800 லிட்டர் வேண்டும். பல வீடுகளில் தண்ணீர் பிடிக்க இருப்பது மண் பானைகள்.