மகனின் கொப்பியில் ஒரு பாடம்

சாதாரண தரம் படிக்கும் மகனின் கணக்கீட்டுக் குறிப்புக் கொப்பியைப் புரட்டினேன். 'எடுப்பனவு' என்றொரு சொல். உரிமையாளர் சொந்தத் தேவைக்காகக் கடையிலிருந்து எடுக்கும் காசும் பொருளும்தான் அது. ஆயிரம் ரூபா எடுத்தால் எடுப்பனவுக் கணக்கில் வரவு, காசுக் கணக்கில் செலவு.

முப்பது வருடமாக லாச்சியிலிருந்து வீட்டுக்கு எடுக்கிறேன், ஒருநாளும் எழுதியதில்லை. காசு குறைந்தபோதெல்லாம் கடைப் பையனைத்தான் சந்தேகித்தேன்.

1494இல் வெனிஸில் அச்சான நூலில் இரட்டைப் பதிவு முறையை விளக்கிய லூகா பாச்சோலி, வீட்டுச் செலவுக்கும் கணக்கு வைக்கச் சொல்லியிருக்கிறார்.

வியாபாரச் சகோதரர்களே, எடுப்பது நம் காசுதான். ஆனாலும் எழுதிவிட்டு எடுங்கள். எழுதாவிட்டால் இலாபம் எது, முதல் எது என்று தெரியாது. பழியும் இன்னொருவன் தலையில் விழும்.