முள்ளந்தண்டு நோவு: கத்தி எப்போது தேவை?

மண்சரிவினாலோ வேறு காரணங்களினாலோ இருந்த இடத்தை விட்டு வந்து, புதிய காணித்துண்டில் வாழ்க்கையைத் தொடங்கும் குடும்பங்களுக்கு முதல் என்று இருப்பது உடம்பு ஒன்றுதான். கல் பெயர்ப்பது, வரம்பு கட்டுவது, உரமூட்டை சுமப்பது, கொழுந்துச் சுமையோடு சரிவில் இறங்குவது எல்லாம் முதுகை நம்பியே நடக்கின்றன. அந்த முதுகு ஒரு நாள் பிடித்துக்கொண்டால் வீட்டு வருமானமும் அன்றோடு நின்றுவிடுகிறது.

இந்நோவைப் பற்றி நம்மிடையே இரண்டு தவறான எண்ணங்கள் உள்ளன. "முதுகில் கத்தி வைத்தால் கால் போய்விடும்" என்று பயந்து, கால் விறைத்த பின்பும் எண்ணெய் பூசிக்கொண்டு லயத்திலேயே படுத்திருப்பது ஒன்று. "டிஸ்க் விலகியிருக்கிறது" என்று ஸ்கான் பார்த்தவர் சொன்னதும், மாட்டை விற்று, நகையை அடகு வைத்து உடனே ஒப்பரேஷனுக்கு ஓடுவது மற்றொன்று. முதலாவது உடம்பைக் கெடுக்கிறது. இரண்டாவது குடும்பத்தைக் கடனில் தள்ளுகிறது. இவற்றிற்கு நடுவே நல்ல வழி ஒன்று உண்டு. சத்திர சிகிச்சை ஆய்வுகள் அதைத் தெளிவாகக் காட்டியுள்ளன.

தட்டு என்பது என்ன?

கழுத்தில் 7, நெஞ்சுப் பகுதியில் 12, இடுப்பில் 5 என, அசையக்கூடிய 24 முள்ளெலும்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டுள்ளன. அவற்றுக்கிடையே மெத்தைபோல இருப்பவையே டிஸ்க் எனப்படும் தட்டுகள். தட்டின் வெளிப்புறம் உறுதியான நார்வளையம்; உள்ளே இளநீர் வழுக்கல் போன்ற மென்மையான பகுதி. எலும்புகளின் பின்புறமாக உள்ள குழாய் போன்ற வழியில் முண்ணாண் இறங்குகிறது. இடுப்பின் மேற்பகுதியோடு அது முடிந்து, அதன் கீழே நரம்புகள் குதிரை வால் போலத் தொங்குகின்றன.

சுவீடன் நாட்டு வைத்தியர் அல்ஃப் நகெம்சன் 1960களில் தட்டுக்குள் ஊசி செலுத்தி அழுத்தத்தை அளந்தார். நேராக நிற்பதைவிட, குனிந்து பாரம் தூக்கும்போது அழுத்தம் வெகுவாகக் கூடுவதை அவர் கண்டார். நாட்பட்ட தேய்மானத்தினாலோ திடீர்ப் பாரத்தினாலோ நார்வளையம் கிழிந்தால், உள்ளிருக்கும் பகுதி வெளியே பிதுங்கி நரம்பை அழுத்தும். அப்போது நோவு இடுப்போடு நிற்காமல், பிட்டத்திலிருந்து குதிகால் வரை மின்சாரம் போல இறங்கும்.

இந்த உண்மையை உலகம் அறிந்து நூறு ஆண்டுகள்கூட ஆகவில்லை. பிதுங்கிய தட்டைக் கட்டி என்றே முன்னர் எண்ணி வந்தனர். 1934இல் அமெரிக்காவின் பொஸ்டன் நகரைச் சேர்ந்த மிக்ஸ்டர், பார் என்னும் இரு வைத்தியர்கள், கால்நோவுக்குக் காரணம் கிழிந்த தட்டே என எழுதி, சத்திர சிகிச்சையால் அதனை நீக்கலாம் என்று காட்டினர். அதன்பின் இச்சிகிச்சை உலகெங்கும் பரவியது.

காத்திருந்தவர்களுக்கு என்ன நேர்ந்தது?

எல்லோருக்கும் கத்தி வேண்டுமா என்ற கேள்வி பின்னரே எழுந்தது. நோர்வே நாட்டில் வெபர் என்பவர், 126 நோயாளரைச் சீட்டுப் போடுவதுபோல இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினருக்குச் சத்திர சிகிச்சையும், மறு பகுதியினருக்குக் கத்தியில்லாத சிகிச்சையும் அளித்து, பத்தாண்டுகள் கவனித்தார். 1983இல் வெளிவந்த அவரது பெறுபேறு இது: முதலாண்டில் சத்திர சிகிச்சை பெற்றவர்கள் கூடிய சுகம் கண்டனர், நான்காம் ஆண்டிலும் பத்தாம் ஆண்டிலும் இரு பகுதியினருக்கும் பெரிய வேறுபாடு இருக்கவில்லை.

2007இல் நெதர்லாந்தில் 283 பேரிடம் நடந்த ஆய்வும் இதையே உறுதிப்படுத்தியது. ஆறு முதல் பன்னிரண்டு வாரங்களாகக் கடும் கால்நோவு இருந்தவர்கள் அவர்கள். விரைவில் சத்திர சிகிச்சை பெற்றவர்களுக்கு நோவு விரைவில் தணிந்தது. ஆயினும் ஓராண்டு முடிவில் இரு பகுதியிலும் 100க்கு 95 பேர் தேறியிருந்தனர். காத்திருக்கச் சொல்லப்பட்டவர்களில் 100க்கு 39 பேருக்கு, நோவு குறையாததால் அவ்வாண்டிலேயே சத்திர சிகிச்சை தேவைப்பட்டது.

இதிலிருந்து நாம் அறிவது என்ன? நோவு மட்டும் இருந்தால், வைத்தியரின் கண்காணிப்பில் சில வாரங்கள் பொறுத்திருக்கலாம். பலருக்குத் தானாகவே தணியும். படுத்தே கிடக்கவும் வேண்டாம். பாரத்தைத் தவிர்த்து, இயன்றவரை நடமாடுவதே நல்லது. பொறுத்தும் தணியாதவர்கள் சத்திர சிகிச்சைக்கு அஞ்சத் தேவையில்லை.

ஸ்கான் படத்தைக் கண்டு மட்டும் கலங்கவும் கூடாது. நோவே இல்லாதவர்களின் படங்களைத் தொகுத்து 2015இல் வெளிவந்த ஆய்வில், இருபது வயதினரிலேயே 100க்கு 37 பேருக்கும், ஐம்பது வயதினரில் 100க்கு 80 பேருக்கும் தட்டுத் தேய்மானம் காணப்பட்டது. தலைமயிர் நரைப்பதுபோல இதுவும் வயதோடு வருவதே. படத்தோடு காலின் பலத்தையும் உணர்ச்சியையும் சோதித்தே வைத்தியர் முடிவு செய்வார்.

ஒரு நாளும் பொறுக்கக் கூடாதவை

பின்வரும் அறிகுறிகள் தோன்றினால் அன்றே ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும்:

- சிறுநீர் போக முடியாமை, அல்லது அறியாமலே சிறுநீர், மலம் போதல்
- இரு தொடைகளின் உட்புறமும் உட்காருமிடமும் மரத்துப்போதல்
- கால் பலம் குறைதல், பாதத்தைத் தூக்க முடியாமை
- காய்ச்சல், உடல் மெலிவு ஆகியவற்றோடு கூடிய முதுகு நோவு

முதல் இரண்டும் குதிரைவால் நரம்புகள் நசுங்குவதன் அடையாளங்கள். இதற்கு அவசர சத்திர சிகிச்சை வேண்டும். 48 மணித்தியாலங்களுக்குள் அது நடந்தவர்கள் கூடுதலாகத் தேறியதை ஆய்வுகள் காட்டுகின்றன. இந்த நிலையில் உருவிவிடுவதும், முதுகை மிதிப்பதும் பெருங்கேடு. சொல்ல வெட்கப்பட்டு இவ்வறிகுறிகளை மறைக்கும் பெண்கள் உண்டு. தாய்மார் இதனைத் தம் பிள்ளைகளுக்குச் சொல்லிவைக்க வேண்டும்.

விழுந்தவரைத் தூக்கும் முறை

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியதை நாம் மறக்கவில்லை. மண்சரிவு, மரத்திலிருந்து விழுதல், பள்ளத்தில் வாகனம் புரளுதல் ஆகியன ஊவா மலைகளில் முள்ளந்தண்டை முறிக்கக்கூடிய விபத்துகள். எலும்பு முறிந்தும் முண்ணாண் தப்பியிருக்கும் ஒருவரை, நாம் அன்போடு தூக்கும் முறையே முடமாக்கிவிடலாம்.

அவரை உட்கார வைக்காதீர்கள். கை கால்களைப் பிடித்துத் தூக்காதீர்கள். முதுகில் சுமக்காதீர்கள். ஒருவர் தலையையும் கழுத்தையும் அசையாமல் பிடிக்க, மூவர் உடம்பைப் பிடித்து, மரக்குற்றியை உருட்டுவதுபோல ஒரே நேரத்தில் திருப்பி, கதவுப் பலகை ஒன்றின் மேல் கிடத்துங்கள். தலையின் இரு பக்கமும் துணிச்சுருள் வைத்துப் பலகையோடு கட்டுங்கள். 1990 என்ற இலக்கத்திற்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும். மண் மேலும் சரியும் ஆபத்து இருந்தால் மட்டும், உடல் வளையாமல் நேர்கோட்டில் இழுத்து அப்பால் கொண்டுசெல்லுங்கள்.

இங்கு நேரமும் முக்கியம். கழுத்து முண்ணாண் காயமுற்றவர்களைப் பற்றி வட அமெரிக்காவில் நடந்து 2012இல் வெளிவந்த ஆய்வில், 24 மணித்தியாலங்களுக்குள் சத்திர சிகிச்சை பெற்றவர்களில் 100க்கு ஏறத்தாழ 20 பேர் ஆறு மாதங்களில் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் கண்டனர். தாமதித்தவர்களில் அத்தொகை 9 மட்டுமே.

நடக்க இயலாதவர் வாழ இயலாதவரா?

முற்றாக அறுந்த முண்ணாணை ஒட்டவைக்கும் சிகிச்சை இன்னும் இல்லை. சுவிட்சர்லாந்தில் 2018இல், முண்ணாணருகே மின்தூண்டல் கருவி பொருத்தப்பட்ட மூவர் மீண்டும் அடியெடுத்து வைத்தனர். அது இன்னும் ஆய்வு நிலையிலேயே உள்ளது. ஆகவே "முற்றாகக் குணமாக்குவோம்" என்று பெருந்தொகை கேட்போரிடம் ஏமாறாதீர்கள்.

ஆனால் வாழ்வு முடிந்துவிடுவதில்லை. முன்பு இத்தகையோர் பெரும்பாலும் படுக்கைப் புண்ணினாலும் சிறுநீர்க் கிருமியினாலும் இறந்தனர். 1944இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மண்டவில் ஆஸ்பத்திரியில் வைத்தியர் குட்மன், இரண்டு மணித்தியாலத்திற்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைத்தல், சிறுநீர்ப் பராமரிப்பு, தொழிற்பயிற்சி ஆகியவற்றால் அந்நிலையை மாற்றினார். தமிழ்நாட்டு வேலூரில் வைத்தியர் மேரி வர்கீஸ், 1954இல் விபத்தொன்றில் இடுப்பின் கீழ் செயலிழந்தபின்னும், சக்கர நாற்காலியில் அமர்ந்தே தொழுநோயாளரின் கைகளுக்குச் சத்திர சிகிச்சை செய்தார். 1966இல் அங்கு புனர்வாழ்வு நிலையம் உருவாகவும் அவரே காரணமானார். நமது நாட்டில் றாகமை புனர்வாழ்வு ஆஸ்பத்திரி இப்பணியைச் செய்கிறது.

அரசாங்க ஆஸ்பத்திரிகளில் சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை. எனவே தோட்ட டிஸ்பென்சரியிலோ அருகிலுள்ள ஆஸ்பத்திரியிலோ கடிதம் பெற்று, பதுளைப் பெரியாஸ்பத்திரி கிளினிக்கிற்குச் செல்வதே முதற்படி. கடன் வாங்குவதற்கு முன் அங்கு கேளுங்கள். ஒவ்வொரு குடியிருப்பிலும் இளைஞர் சங்கம் நீண்ட பலகை ஒன்றையும் கயிறுகளையும் ஆயத்தமாக வைத்து, தூக்கும் முறையை ஆண்டுக்கு இருமுறை பழகட்டும். அடுத்த மாரி தொடங்குமுன் இதனைச் செய்து முடிப்போம்.