திரும்பிப்போக ஒரு நாற்காலி

2024 செப்டம்பர் 17-க்குள் விண்ணப்பித்தால் போதுமா என்று கேட்டுக் கடிதங்கள் வந்தன. அந்தத் தேதி செல்லாமல் போய்விட்டது. வெளியிலிருப்பவர்களை மத்திய அரசின் உயர் பதவிகளுக்கு நேரடியாக எடுக்கும் ‘லேட்டரல் என்ட்ரி’ முறையில் இணைச் செயலாளர் பதவி 10, இயக்குநர் மற்றும் துணைச் செயலாளர் பதவி 35 என அந்த ஆண்டு ஆகஸ்ட் 17 அன்று வந்த யுபிஎஸ்சி விளம்பரம், இட ஒதுக்கீடு இல்லை என்ற எதிர்ப்பு கிளம்பியதும் 20-ம் தேதியே திரும்பப் பெறப்பட்டது.

ஒரு கடிதம் மட்டும் விளம்பரத்தோடு முடிகிற விஷயம் இல்லை. எழுதியவர் மாநிலப் பொதுத்துறை நிறுவனமொன்றில் பொறியாளர், 46 வயது. ஒரு வரிதான்: “டெல்லிக்குப் போனால் இங்கே என் இடம் இருக்குமா?”

நுணுக்கமே இங்குதான். மாநில அரசிலிருந்தோ பொதுத்துறையிலிருந்தோ பல்கலைக்கழகத்திலிருந்தோ வருபவரை மாற்றுப்பணியில் எடுப்பார்கள். தாய்த்துறையில் அவருக்கு ‘லியன்’ தொடரும். அதாவது, விட்டுவந்த பணியிடத்தின் மீதான உரிமை போகாது. தனியார் துறையிலிருந்து வருபவருக்கு மூன்றாண்டு ஒப்பந்தம். செயல்பாட்டைப் பார்த்து ஐந்தாண்டு வரை நீட்டிக்கலாம். முதலாமவருக்குத் திரும்பிப்போக நாற்காலி உண்டு. இரண்டாமவர், இங்கே உட்கார்ந்திருக்கும்போதே அடுத்த நாற்காலியை யோசித்தாக வேண்டும்.

புதிய திறமையை அரசுக்குள் கொண்டுவரும் திட்டம் என்கிறார்கள். திறமை வரும், சந்தேகமில்லை. 2018-ல் 10 இணைச் செயலாளர் பதவிகளுக்கு 6,077 பேர் விண்ணப்பித்தார்கள். வந்தவரின் மனம் எங்கே இருக்கும் என்பதற்குத்தான் அந்த விளக்கத்தில் பதில் இல்லை. ஒரு நிறுவனத்தில் மனிதர் ஏன் ஒட்டிக்கொள்கிறார் என்பதற்கு மெயர், ஆலன் என்ற ஆய்வாளர்கள் மூன்று காரணங்களைப் பிரித்துக் காட்டினார்கள்: பிடித்துப்போவது, விட்டுப்போனால் நஷ்டம் என்பது, இருப்பதே கடமை என்ற எண்ணம். லியன் இரண்டாவது காரணத்தை அடியோடு எடுத்துவிடுகிறது. குறுகிய ஒப்பந்தம் மூன்றாவது வளர நேரம் தருவதில்லை. எல்லாச் சுமையும் முதல் காரணத்தின் தலையில்.

நிதி ஆயோக் துணைத் தலைவராக இருந்த அரவிந்த் பனகாரியா 2017-ல் விலகியபோது சொன்ன காரணம், கொலம்பியா பல்கலைக்கழகம் விடுப்பை நீட்டிக்கவில்லை என்பது. அவர் மீது குறையில்லை, நாற்காலி கூப்பிட்டது. மன்மோகன் சிங்கோ 1971-ல் டெல்லி பொருளாதாரப் பள்ளியிலிருந்து வர்த்தக அமைச்சகத்தின் ஆலோசகராக வந்தார். மறு ஆண்டே தலைமைப் பொருளாதார ஆலோசகர், 1982-ல் ரிசர்வ் வங்கி ஆளுநர். உள்ளே வந்தவருக்கு உள்ளேயே ஏணி இருந்தது. இன்றைய ஒப்பந்தத்தில் அந்த ஏணி எங்கே?

ஐஏஎஸ் அதிகாரிகளும் டெல்லியில் விருந்தாளிகள்தானே என்று கேட்கலாம். சரியான கேள்வி. இணைச் செயலாளருக்குப் பொதுவாக ஐந்தாண்டு, பிறகு பணிக்கு ஒதுக்கப்பட்ட மாநிலம். ஆனால் எங்கே போனாலும் பணி ஒன்றே, பதிவேடு ஒன்றே. இன்று போடும் கையெழுத்துக்குப் பத்தாண்டு கழித்தும் அதே அரசுக்குள் பதில் சொல்ல வேண்டிவரும். ஒரு துறைமுகக் கொள்கையோ மின்கட்டண விதியோ மூன்றாண்டில் பலன் காட்டாது. அது காட்டும் நேரத்தில் ஒப்பந்தக்காரர் வேறு வேலையில் இருப்பார். என்னை உறுத்துவது இதுதான். நன்றாகச் செய்தவரை நிரந்தரமாக உள்ளே எடுத்துக்கொள்ள ஒரு வழி வைத்திருக்க வேண்டும்.

மற்ற கேள்விகளுக்குச் சுருக்கமாக:

இட ஒதுக்கீடு ஏன் இல்லை? ஒவ்வொன்றும் தனிப் பதவி, ஒற்றைப் பதவிக்கு ஒதுக்கீடு பொருந்தாது என்பது அரசு சொல்லிவந்த காரணம். 45 பதவிகளைச் சேர்த்து விளம்பரம் செய்துவிட்டு ஒவ்வொன்றாக எண்ணுவது எனக்கு ஏற்புடையதாக இல்லை.

அப்போது ஏற்கெனவே பணியில் இருந்த 57 பேர்? ரத்தானது புதிய விளம்பரம் மட்டும்.

மத்திய அரசு ஊழியர்கள் விண்ணப்பித்திருக்கலாமா? தகுதி இல்லை என்று விளம்பரமே சொன்னது.

மீண்டும் எப்போது? ரத்தானபோது தேதி எதுவும் அறிவிக்கப்படவில்லை.