உங்களுக்குத் தெரியுமா? ரோமுக்கு முந்திய படகுத்துறை

காரைக்காலுக்கு வடக்கே, பூம்புகாரை அடுத்த கீழையூரில், 1960களில் இந்தியத் தொல்லியல் துறை தோண்டியபோது பெரிய செங்கற்களால் கட்டிய மேடையும் மரக்கம்பங்களும் வெளிப்பட்டன. அது படகுத்துறை, கம்பங்கள் படகு கட்ட நட்டவை என்றார்கள் அகழ்ந்தவர்கள். மரத்தின் கரிமக் கணிப்பு கி.மு. 3ஆம் நூற்றாண்டை ஒட்டி வந்தது. அது மரம் வளர்ந்த காலத்தைத்தானே சொல்லும், துறை கட்டிய காலத்தையா என்று கேட்கலாம், நியாயமான கேள்விதான். ஆனால் பிழை எல்லையாக ஒரு நூற்றாண்டைத் தள்ளிக் கொடுத்தாலும், ரோமர் எகிப்தைப் பிடித்து இந்தியக் கடல் வணிகத்துக்கு வழி திறந்த கி.மு. 30க்குக் கணிசமாக முந்தியே நிற்கிறது இந்தத் துறை. ஆகவே இதை ரோம வணிகம் உண்டாக்கிய துறைமுகம் என்பது எனக்குப் பொருந்தாக் கூற்றாகவே படுகிறது.

அப்படியானால் இந்த வட்டாரத்தில் கிடைத்த, உட்புறம் சிறு கோடுகளை வட்டமாகப் பதித்த ‘ரௌலட்டட்’ மட்கல ஓடுகள்? 1945இல் புதுச்சேரி அரிக்கமேட்டைத் தோண்டிய வீலர் அவ்வகையை மத்தியதரைக் கடல் சரக்காகவே கருதினார். பிந்தைய களிமண் ஆய்வுகள் அவை இந்தியாவில் வனைந்தவை என்று காட்டின. அதே வகை ஓடுகள் இலங்கையின் அனுராதபுரத்திலும் பாலித் தீவின் செம்பிரானிலும் கிடைக்கின்றன. ரோமக் காசுகள் தமிழகத்தில் ஏராளம், மறுப்பதற்கில்லை; ஆனால் ரோமக் கப்பல்கள் வந்து சேர்ந்தது, வங்கக் கடலோரம் ஏற்கெனவே நடந்துகொண்டிருந்த வணிகத்தில்தான்.