எலும்பு குடியேறும் துளைகள்

கீழப்பாவூரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். பைக் விபத்தில் தம்பிக்குக் கீழ்க்கால் எலும்பு நொறுங்கி ஒரு துண்டே போய்விட்டது. இடுப்பெலும்பிலிருந்து வெட்டியெடுத்து அந்த இடைவெளியில் வைக்கப்போகிறார்களாம். "செயற்கையாக ஏதும் கிடையாதா?" என்று கேட்கிறார்.

உண்டு. துளைகள் நிறைந்த சாரம் ஒன்றை இடைவெளியில் பொருத்துவார்கள். ரத்தக்குழாய்களும் எலும்புச் செல்களும் அதற்குள் புகுந்து புது எலும்பைக் கட்டும். சாரம் மெல்லக் கரைந்துபோகும். எப்போது கரைய வேண்டும் என்பதுதான் வடிவமைப்பவரின் தலைவலி. எங்கள் வீட்டுக்குத் தளம் போட்டபோது, எவ்வளவு கேட்டும் கொத்தனார் முட்டுக் கம்புகளைப் பிரிக்க அவசரப்படவில்லை. இங்கேயும் அதே கணக்குதான். முந்தினால் எல்லாம் சரியும். மிகவும் பிந்தினால் பாரம் தாங்கிப் பழகாத எலும்பு நோஞ்சானாகிவிடும்.

என்னை மயக்குவது அந்தத் துளைகள். குறைந்தது 100 மைக்ரான் அகலம் வேண்டும். ரத்தக்குழாய் தாராளமாக நுழைய 300 நல்லது. ஒன்றோடொன்று திறந்திருக்கவும் வேண்டும். இப்படி ஓர் அமைப்பைக் கடல் முன்பே செய்து வைத்திருக்கிறது: பவளம். 1974இல் அமெரிக்காவின் டெல்லா ராயும் லின்னஹனும், பவளத்தை பாஸ்பேட் கரைசலில் அழுத்தத்தோடு சூடாக்கி, அதன் சுண்ணாம்பை எலும்பின் கனிமமான ஹைட்ராக்சிஅபடைட்டாக மாற்றினார்கள். துளைகள் அப்படியே நின்றன. சென்னை மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையத்தார் இந்தியப் பவளத்திலிருந்தே அந்தக் கனிமத்தை உருவாக்கி 1996இல் வெளியிட்டார்கள்.

அதே பவளத்தை மன்னார் வளைகுடாவில் நாம் என்ன செய்தோம்? வெட்டிச் சுண்ணாம்புக் காளவாயில் போட்டோம். பவளம் போனதால் கரை அரித்து, 21 தீவுகளில் இரண்டு நீரில் மூழ்கிவிட்டன. இன்று பவளத்தை வெட்டியெடுப்பது சட்டப்படி குற்றம். மருத்துவத்தின் பெயராலும் தொட வேண்டாம் என்பேன். தேவையும் இல்லை. சென்னை ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் முட்டை ஓட்டிலிருந்தே இந்தக் கனிமத்தைத் தயாரித்திருக்கிறார்கள். நாமக்கல் இருக்கும் மாநிலத்தில் ஓட்டுக்கா பஞ்சம்? துளைகளை மட்டும் நாம் போட வேண்டும். அதற்கு இப்போது முப்பரிமாண அச்சு இருக்கிறது. செங்கோட்டை தாண்டினால் திருவனந்தபுரம். அங்கே ஸ்ரீசித்திரா நிலையமும் எலும்பு நிரப்பும் பீங்கான்களை உருவாக்கியிருக்கிறது.

ஆனால், அம்மா, இந்தக் கனிமமும் ஒரு பீங்கான்தான்; சிறு குழிகளை நன்றாக நிரப்பும். உடல் பாரத்தைத் தாங்கும் கால் எலும்பில் தனியாக நின்றால் நொறுங்கிவிடும். இடுப்பெலும்போ உயிருள்ள செல்களோடு வருகிறது. எடுத்த இடத்தில் வலி கொஞ்ச காலம் இருக்கலாம். ஆனாலும் டாக்டர் சொன்னது சரியான யோசனைதான். தம்பி பீடி, சிகரெட்டைத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். புகை ரத்தக்குழாயைச் சுருக்கி, எலும்பு கூடுவதைத் தாமதப்படுத்தும்.