நாயை நாய் கடித்தால் யார் பொறுப்பு?

‘குரைக்கிற நாய் கடிக்காது’ என்பது பழமொழி. ஆனால் அதை நம்பி நாயை அவிழ்த்து விட்டவருக்குச் சட்டம் சலுகை காட்டுவதில்லை.

திருச்சியில் தஞ்சைச் சாலையை ஒட்டிய காட்டூரில் ஒரு குறுகிய தெருவை எண்ணிப் பாருங்கள். ஒருவர் தம் சிறு நாயைச் சங்கிலியில் பிடித்துச் செல்கிறார். எதிர்வீட்டின் கதவு திறந்து கிடக்கிறது. உள்ளிருந்து பாய்ந்து வந்த பெரிய நாய், சிறு நாயின் கழுத்தைக் கவ்விக் குதறிவிடுகிறது. மருத்துவச் செலவை யார் ஏற்பது?

முதலில் காவல் நிலையம்தான் நினைவுக்கு வரும். வளர்ப்பு விலங்கை அசட்டையாக வைத்திருப்பவரைத் தண்டிக்க, பாரதிய நியாய சன்ஹிதாவில் 291ஆம் பிரிவு உண்டு. ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஐயாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். ஆனால் அப்பிரிவு பேசுவது மனித உயிருக்கோ உடலுக்கோ நேரக்கூடிய ஆபத்தைப் பற்றியே. 2024 மே மாதம் சென்னை நுங்கம்பாக்கம் பூங்காவில் இரண்டு ராட்வைலர் நாய்கள் ஐந்து வயதுச் சிறுமியைக் கடித்தபோது, நாய்களின் உரிமையாளர் கைது செய்யப்பட்டார். கடிபட்டது நாய் மட்டும் என்றால் நிலைமை வேறு. சங்கிலி பிடித்தவருக்கும் ஆபத்து இருந்ததா என்பதே அங்கு எழும் கேள்வி.

‘சூ’ என்று வேண்டுமென்றே ஏவி விட்டிருந்தால், விலங்கை ஊனப்படுத்தும் குற்றமாக 325ஆம் பிரிவு பாயலாம். ஐந்தாண்டு வரை சிறை உண்டு. வேடிக்கைக்காக நாய்களை மோதவிடுவது 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். வெறும் கவனக்குறைவு இவற்றில் அடங்காது.

ஆகவே உண்மையான பரிகாரம் சிவில் நீதிமன்றத்தில்தான். மனுநீதிச் சோழன் கதையில் பசுவே மணியடித்து நீதி கேட்டது. இன்றைய சட்டத்திலோ நாய் ஓர் உடைமை. அதன் உரிமையாளரே நட்டஈடு கேட்க வேண்டும். பழைய ஆங்கிலப் பொதுச் சட்டப்படி, நாய் கடிக்கும் குணமுடையது என்பது வளர்த்தவருக்கு முன்பே தெரியும் என்று நிரூபித்தால் அவர் பொறுப்பாவார். தெரியாதிருந்தாலும், கதவைத் திறந்து போட்டதுபோன்ற கவனக்குறைவைக் காட்டி வழக்காடலாம். மருத்துவச் செலவும், நாய் இறந்தால் அதன் மதிப்பும் கேட்கலாம். கடிபட்ட நாயும் அவிழ்ந்து திரிந்திருந்தால் தொகை குறையக்கூடும். காலக்கெடு மூன்றாண்டு.

இங்கேதான் ஏழைக்கு இடர்ப்பாடு. விலை கொடுத்து வாங்கிய நாய்க்கு ரசீது உண்டு. தெருவில் எடுத்து வளர்த்த நாட்டு நாய்க்குச் சந்தை விலை ஏது? ஆகவே மருத்துவச் சீட்டு, மருந்து ரசீது, காயத்தின் புகைப்படம், பார்த்தவர் சாட்சியம், முன்பே எச்சரித்ததற்கு எழுத்துச் சான்று ஆகியவற்றைப் பாதுகாப்பது இன்றியமையாதது.

கடித்தது தெருநாய் என்றால் வழக்குத் தொடுக்க உரிமையாளர் இல்லை. 2023ஆம் ஆண்டின் விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகள், தெருநாய்களுக்குக் கருத்தடையும் வெறிநோய்த் தடுப்பூசியும் செய்யும் கடமையை உள்ளாட்சியிடம் ஒப்படைத்துள்ளன. அதே ஆண்டில் பஞ்சாப்–அரியானா உயர்நீதிமன்றம், நாய்க்கடிக்கு ஒரு பல் தடத்திற்குக் குறைந்தது 10,000 ரூபாய் என இழப்பீட்டுக்கு அளவு வகுத்தது. அது மனிதருக்கு, நாய்க்கு அத்தகைய அளவுகோல் இல்லை.

கடி நேர்ந்தவுடன் வழக்கறிஞரைவிட முதலில் காணவேண்டியவர் கால்நடை மருத்துவர். காயத்தைச் சோப்பும் நீரும் கொண்டு கழுவி, வெறிநோய்த் தடுப்பூசி போட வேண்டும். பிறகு அண்டை வீட்டாரிடம் செலவுக் கணக்கைக் காட்டிப் பேசுவது நலம். வழக்கு முடிய ஆண்டுகள் ஆகலாம். வழக்குச் செலவு மருத்துவச் செலவை விஞ்சவும் கூடும். நாய் வளர்ப்போர் ஒரு சங்கிலிக்கும் ஒரு தாழ்ப்பாளுக்கும் செலவிட்டால், அண்டை வீட்டாரின் பகையும் வராது, நீதிமன்றப் படியும் ஏற வேண்டியதில்லை.